தீராத கடைசிச் சுருட்டு

மகள் பள்ளியில் சேர்ந்த வாரத்தில் ருசிக்காரர் பற்றவைத்த சுருட்டு, அவள் படித்து முடித்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் எரிந்துகொண்டிருந்தது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். வேலை மெனக்கெட்டு மாடிப்படி ஏறிவந்து பார்த்தார்கள். அப்புறம் தண்ணீர்க் குழாய்த் தகராறு வந்தது, எல்லோர் கவனமும் அந்தப் பக்கம் போய்விட்டது.

சுருட்டுத் தொழிற்சாலையில் புதிதாகச் சுற்றிய சரக்கை இழுத்துப் பார்த்து, தேறும், தேறாது என்று சொல்வது அவர் வேலை. அதனால்தான் ருசிக்காரர் என்ற பெயர். புகையை நெஞ்சுக்குள் விடமாட்டார். வாயில் வாங்கி, நாக்கின் மேல் உருட்டி, மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். லேசான சரக்கை வேலைக்காகப் பார்ப்பாரே தவிர, அவருக்குப் பிடித்தது கறுத்த மேலிலை சுற்றிய, விரல் பருமனான, ஆளை நாற்காலியில் உட்கார்த்தி வைக்கும் முரட்டுச் சுருட்டுதான். அவர் மனைவி வீட்டின் கீழ்த்தளத்தில் லாண்டரி நடத்தினாள். மேலே புகை, கீழே வெள்ளைத் துணி. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பிலும் ஓட்டல் மேஜைத் துணியிலும் சுருட்டு வாடை அடிப்பதாகப் புகார் வந்தபோது அவள் பொறுத்துக்கொண்டாள். அவர் இருமிய கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு கண்ட அன்று பொறுக்கவில்லை.

சுருட்டை விட்டுவிடச் சொல்லி டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி தொழிற்சாலை வேலையையும் விடச் சொன்னாள். "கணக்குப் பிரிவுல இடம் கேளுங்க. உக்காந்து எழுதுங்க. எனக்கு நீங்க வேணும்" என்றாள். அவர் அலமாரிப் பக்கம் பார்த்துவிட்டு, "சரி. ஒண்ணே ஒண்ணு. அதுதான் கடைசி" என்றார்.

அலமாரியில் வருஷக்கணக்காகப் பதப்பட்டுக் கிடந்த ஒன்றை எடுத்து, தலையை நறுக்கி, நெருப்பை நுனியில் படாமல் காட்டிக் காட்டிப் பற்றவைத்தார். முதல் இழுப்பில் மிளகு. நாக்கின் ஓரத்தில் சுரீர் என்று ஏறி, பின்னாலேயே மழை விழுந்த மண்ணின் வாசனை. சாப்பாட்டு நேரம் வந்தது, வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோதும் எரிந்துகொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. மாசம் போயிற்று.

மனைவி நம்பவில்லை. தினம் ஒன்று மாற்றி வைக்கிறார் என்று நினைத்து, துணிக்கு அடையாளம் போடும் அழியாத மையால் சுருட்டின் நடுவில் ஒரு வளையம் போட்டாள். வளையம் போட்ட சுருட்டேதான் எரிந்தது. கோபத்தில் அதைக் கஞ்சி வாளிக்குள் அமுக்கினாள். வெளியே எடுத்தபோது கஞ்சி காய்ந்து, சுருட்டு முன்னைவிட விறைப்பாக இருந்தது, நுனியில் நெருப்போடு. டாக்டர் ஒவ்வொரு தடவையும், "விட்டாச்சா?" என்று கேட்பார். "கடைசி ஒண்ணுதான் ஓடுது டாக்டர்" என்பார் இவர், பொய் இல்லாமல். கைக்குட்டையில் மறுபடி சிவப்பு வரவே இல்லை. டாக்டருக்கே இதற்கு விளக்கம் தெரியவில்லை.

நெருப்பு மழைக்காலத்துக்கு மழைக்காலம் ஓர் அரிசி அகலம் நகர்ந்தது. கணக்குப் பிரிவிலிருந்து திரும்பியதும் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு இழுப்பு இழுப்பார், அவ்வளவுதான். மகள் பெருக்கல் வாய்ப்பாடு படித்த காலம் முழுக்க மிளகுதான். அவள் உயரத்தில் அம்மாவைத் தாண்டியபோது மிளகு தணிந்து, கடுங்காப்பிக் கசப்பு வந்தது. வாடைக்குப் புகார் சொன்னவர்களும் மாறிப்போனார்கள். ஒரு தபால்காரர் வெளுத்து வந்த சட்டையை முகர்ந்துவிட்டுக் கடையிலேயே அழுதார். எப்போதோ ரயிலில் போனபோது அண்ணன் தோளில் சாய்ந்து தூங்கிய வாசனையாம். அதற்கப்புறம், "மாடிக்கு நேரா இருக்கிற கொடியில காய வைங்கம்மா" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் பெருகினார்கள்.

மை வளையத்தை நெருப்பு தாண்டியது மகள் கல்யாண வருஷத்தில். அப்போதுதான் மனைவிக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. இது முடியவேண்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தவள், முடிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். அன்றே சுருட்டை எடுத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர் சண்டை போடவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். சாவித்துவாரத்திலிருந்து புகை நூல் மாதிரி வந்துகொண்டே இருந்தது, அவர் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கன்னம் ஒட்டிப்போயிற்று.

"ஏங்க, இப்படி என்னைக் கொல்றீங்க?" என்றாள் ஒரு நாள்.

"கடைசிப் பங்குதாண்டி இதுல விசேஷம். சூடு ஏறும், கசக்கும்னு நிறையப் பேர் அங்க தூக்கிப் போட்டுருவாங்க. ஆறவிட்டு, மெதுவா இழுத்தா உள்ள ஒரு இனிப்பு இருக்கு. அதைத் தொடாமலே போயிருவேனோன்னு இருக்கு."

"இது தீர்ந்தா நீங்களும்..." என்றாள் அவள்.

"இருக்கட்டுமே. பூட்டி வச்சா மட்டும் நானும் பத்திரமா உள்ளயா இருக்கேன்?"

அவள் சாவியை எடுத்தாள். ஆனால் சுருட்டை அவர் கையில் கொடுக்கவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானே முதலில் வாயில் வைத்தாள். இருமினாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. "உள்ள விழுங்காத. வாயிலயே வச்சுக்கோ. இப்ப என்ன தெரியுது?" என்றார் அவர். "எரிச்சல்தான் தெரியுது" என்றாள். அடுத்த வாரம், பழைய தோல் பையைத் திறந்த மாதிரி இருக்கிறது என்றாள். அவர் கைதட்டிச் சிரித்ததில் கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண் பயந்து மேலே ஓடிவந்தாள். அதிலிருந்து இருவருக்கும் ஆளுக்கு ஓர் இழுப்பு. எத்தனையோ மழைக்காலங்கள் அப்படிப் போயின. அவருக்குக் கன்னம் மறுபடி நிறைந்தது, தலை நரைத்தது.

அவர் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாற்காலியில், கண்ணை மூடியபடி. ருசி பார்க்கிறார் என்றே அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். சாவுக்கு வந்தவர்கள் ஜன்னல் தட்டில் புகைந்துகொண்டிருந்த சுருட்டைப் பார்த்து, அது கீழே விழாதபடி ஒதுங்கி நின்றார்கள்.

"அம்மா, இதை அணைச்சிரவா?" என்றாள் மகள்.

"அது அணையாது. கையச் சுட்டுக்காத. போய் ஒரு வாய் சாப்பிடு."

இப்போது அது கட்டைவிரலின் மேல் கணுவளவு இருக்கிறது. கடை சாத்தியதும் அவள் மேலே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஓர் இழுப்பு இழுக்கிறாள். ஆரம்பத்தில் அழுகை வந்தது, புகைமேல் பழியைப் போட வசதியாக இருந்தது. பிறகு இனிப்பு வந்தது. அதை அவர் வெல்லப்பாகு என்று சொல்லியிருந்தார். "பாகும் இல்ல, ஒண்ணும் இல்ல. தீஞ்ச பால். வேணும்னா நீங்களே பாருங்க" என்று அவள் சத்தமாகச் சொல்வது படிக்கட்டுவரை கேட்கும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் புகை நேராக எதிர் நாற்காலிக்குத்தான் போகிறது, அங்கே சற்று நேரம் உருண்டு, பிறகுதான் கலைகிறது. சாயங்கால வெயில் நேரே விழுகிறது என்று, அந்த நாற்காலியை மட்டும் அவள் ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறாள்.