மன்றத்து வாசலில் மூன்று படிகள்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று பெருந்தன்மையாகச் சிரிக்காதீர்கள். இது படிவத்தில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பிய பொய்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தச் சிற்றூரின் மன்றக் கட்டடம் காலத்தை வென்று நிமிர்ந்து…" (அடித்துவிட்டேன். நிமிர்ந்தெல்லாம் நிற்கவில்லை. வடக்குச் சுவர் கொஞ்சம் சாய்வு.)

2
என் அக்கா அங்கே பிறப்பு இறப்புப் பதிவாளர். கட்டடத்தை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் பதறிப்போனாள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் சொல்லி விண்ணப்பம் தயார்செய்தாள். வரலாறு எழுதும் கட்டம் மட்டும் காலி.

"நீதான் நல்லா கதை விடுவியே, நாலு வரி எழுதிக் குடு" என்றாள்.

நான் நாலு வரியோடு நிறுத்துகிற ஆளா? கட்டடத்தின் வயது, தேக்கு உத்தரம், ஊரே கூடிக் கட்டியது எல்லாம் உண்மை. ஆனாலும் சப்பென்று இருந்தது. முதல் உறுப்பினர்கள் வாசலின் மூன்று படிகளில் நின்றுதான் உறுதிமொழி எடுத்தார்கள் என்று ஒரு வரி சேர்த்தேன்.

(அந்தப் படிகளைக் கட்டியவர் கொத்தனாரான என் அத்தான். பதினோரு வருடம்தான் ஆகிறது. எங்கோ கிடைத்த பழைய கல்லை வைத்துக் கட்டியதால் பார்வையிட வந்தவர்களும் ஏமாந்தார்கள். அதற்கு முன் அங்கே இருந்தது வெறும் மண் சரிவுப் பாதை. அக்கா என் வரிகளைப் படிக்காமலே அனுப்பிவிட்டாள். தம்பி மேல் அவ்வளவு நம்பிக்கை.)

3
கட்டடம் தப்பித்தது. அடுத்த வருடம் அக்காவின் ஸ்கூட்டரை லாரி இடித்தது. இனி அவளுக்குச் சக்கர நாற்காலிதான். இந்த இடத்தில் உருக்கமாக ஒரு பத்தி எழுதினேன்: "அவள் விழிகளில்…" (அவளே கிழித்துப் போட்டாள்.)

படியை உடைத்துச் சரிவுப் பாதை போட அத்தான் கடப்பாரையோடு போனார். தொல்லியல் துறையிலிருந்து தடை வந்தது. என் வரியை அப்படியே மேற்கோள் காட்டியிருந்தார்கள். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே மேற்கோள். மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு எழுதலாம் என்றும் இருந்தது.

அக்கா இப்போது வாசலுக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

4
முடிவு ஒன்று: உண்மையை ஒப்புக்கொள்கிறேன். படி போகும். மற்றதும் புளுகுதானோ என்று சந்தேகம் வந்தால் கட்டடமும் போகும்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். கட்டடம் நிற்கும். அக்கா வெளியிலேயே இருப்பாள்.

முடிவு மூன்று: திடீரென்று வெள்ளம் வந்து படிகளை மட்டும்… (வேண்டாம். புளுகியது போதும்.)

அக்காவிடம் படித்துக் காட்டினேன். பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நான் உள்ள உக்காந்து வேலை பாக்கத்தான்டா அதைக் காப்பாத்தினேன். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு. படிக்கிறவங்களும் மனுஷங்கதானே."

5
அனுப்பிவிட்டேன், ஐயா. நீங்கள் கேட்ட மறுப்புக் கடிதத்தைத்தான் இவ்வளவு நேரம் படித்தீர்கள். (அம்மாவாக இருந்தால் மன்னிக்கவும். தடைக் கடிதத்தில் உங்கள் கையெழுத்து புரியவில்லை.)

தேக்கு உத்தரம் உண்மை. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். முடிவு எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஆதாரம்: மேல்படியின் இடப்பக்கம், சிமெண்ட் காயும் முன் அத்தான் ஆணியால் கீறிய தேதி இருக்கிறது. நின்றால் தெரியாது, குனிய வேண்டும். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தால் நேராகவே தெரியும்.