குட்டி ஏறாது

அமரர் ஊர்தியின் பின்சக்கரம் மூன்றாவது முறையாகச் சுற்றியபோது, மேட்டில் ஏறுவதற்குப் பதிலாக, தள்ளிக்கொண்டிருந்த ஆறு பேர் மீதும் சேற்றை வாரி அடித்தது. ஆறு பேரில் நான்கு பேர் வெள்ளைச் சட்டை. அதற்குப் பிறகு வெள்ளைச் சட்டை என்று எதுவும் அங்கே இல்லை.

ஓட்டுநர் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார்.

“சார், இதுக்கு மேல இவன் ஏற மாட்டான். நான் கும்பிட்டுக் கேட்டாலும் ஏற மாட்டான்.”

மெக்கானிக் குனிந்து பார்த்தார். அச்சுவரை புதைந்திருந்தது. இடுகாடு இருநூறு அடி உயரத்தில், மேட்டின் தலையில் இருந்தது. வண்டிக்குள் பெட்டியில் அவருடைய அண்ணன் இருந்தார். அண்ணன் இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. இரண்டு நாளாக விடாத மழை.

“தோள்ல தூக்கிட்டுப் போலாமா?” என்றார் ஒரு உறவுக்காரர்.

“வழுக்கி விழுந்தா இன்னொரு பெட்டி வாங்கணும்” என்றார் ஓட்டுநர். அவர் தொழிலில் அப்படித்தான் பேசிப் பழக்கம்.

அப்போதுதான் பின்னால் நின்ற வண்டி ஷோரூம் மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

“நான் குட்டியிலதான் வந்திருக்கேன். டெமோ வண்டி. அதுல ஏத்திடலாமே?”

மெக்கானிக் திரும்பவில்லை. அந்தச் சிவப்பு வண்டி வந்து நின்றபோதே அவர் பார்த்திருந்தார். பார்க்காத மாதிரி இருப்பது எப்படி என்றுதான் அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் லிப்ட் இயக்கியவர். மேலே, கீழே, மேலே, கீழே. மொத்தத் தூரத்தைக் கூட்டிப் பார்த்ததாகவும், நிலாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், திரும்பி வரும் வழியில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்றும் சொல்வார். அதனால்தான் கால் தரையில் சரியாகப் பாவவில்லையாம். ஓய்வு பெற்ற மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். ரோடு போடாத இடங்களுக்கெல்லாம் போய் வர நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன டிரக் ஒன்று வேண்டும். எது வாங்குவது? மூன்று வண்டிகளுக்கு மூன்று பத்தி போட்டார்.

பெரியவன்: யானை பலம், டேங்க்கும் பெரிசு. ஆனால் மணலில் இறங்கினால் தன் கனத்தாலேயே புதைவான். திருப்ப ஒரு மைதானம் வேண்டும். நடுவுலவன்: உழைப்பாளி. ஆனால் நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் நடுமழையில் இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுப்பூட்டையும் காதைத் திருகுகிற மாதிரி திருகிவிட்டு வர வேண்டும். குட்டி: கனமில்லை, அதனால் புதைய மாட்டான். உள்ளேயே உட்கார்ந்து ஒரு கம்பியை இழுத்தால் போதும். ஒரே குறை, பின்தொட்டி நீளம் பத்தாது. அண்ணன் ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். ராத்திரி தொட்டியில் படுத்தால் கால் வெளியே நிற்கும்.

நிற்குமா என்று பார்க்க ஷோரூமிலேயே குட்டியின் தொட்டியில் படுத்துப் பார்த்தார். பார்த்தவர் தூங்கிப்போனார். வண்டி வாங்க வந்த ஒரு குடும்பம், இவரும் வண்டியோடு சேர்த்தியா என்று கேட்டதாம்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. அதற்குள் மூன்று வண்டிகளும் இரண்டு முறை முகம் மாற்றிக்கொண்டன. அவரிடம் முதன்முதலில் சாவியை நீட்டிய விற்பனைக்காரர் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பிறந்து, தலை வழுக்கையாகி, மேனேஜராகவும் ஆகிவிட்டார். அண்ணன் மட்டும் அதே நோட்டோடு வந்துகொண்டிருந்தார். வாட்ச்மேன் அவருக்குத் தனி நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

நோட்டில் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் வெற்றி குட்டிக்குத்தான். அடியில் மட்டும், சிவப்பு மையில், ஒரு வரி: ‘சேற்று மேட்டில் ஏறாது. தம்பி சொன்னான்.’

தம்பி மெக்கானிக். அவர் சொன்னால் அண்ணனுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பெட்டியைக் குட்டியின் தொட்டிக்கு மாற்றினார்கள். பின்கதவு மூடவில்லை. கால் பக்கம் ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய், கிரீஸ் துடைக்கிற சிவப்புத் துணியை எடுத்து, நீட்டிய முனையின் கைப்பிடியில் இறுக்கி முடிச்சுப் போட்டது. நீளமான சரக்கு ஏற்றினால் கடைசியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். நாற்பது வருஷப் பழக்கம்.

“ஓட்டுறீங்களா?” மேனேஜர் சாவியை நீட்டினார். “எனக்கு மூட்டு சரியில்ல. கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு வந்ததே போதும்.”

அண்ணி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் கைப்பை. மற்றவர்கள் ஓரத்துப் புல்லைப் பிடித்துக்கொண்டு நடந்து ஏறினார்கள்.

மெக்கானிக் கம்பியை இழுத்து நாலு சக்கரத்துக்குப் போட்டார். லோ கியர். இரண்டாவது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தார். குட்டி லேசாக மூக்கைத் தூக்கிக்கொண்டு, மாடிப்படி ஏறுகிற பூனை மாதிரி, ஒரு சத்தமும் போடாமல் ஏறினான்.

பாதி மேட்டில் அண்ணி சொன்னாள்:

“ஏறுதே.”

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

“பின்னாடி லோடு இருக்குல்ல அண்ணி. அதான் பிடிக்குது. காலியா இருந்தா வழுக்கும்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது, அண்ணனை லோடு என்று சொன்னது. அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“நேத்துக் காலையிலகூட உங்களுக்குப் போன் பண்ணினாரே” என்றாள். “என்ன சொன்னாரு?”

“புது குட்டி வந்திருக்காம். டயர் அகலமாம். எப்படின்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாக்கலாம்னேன்.”

அண்ணி தலையசைத்தாள். “அதுக்கப்புறம் நோட்டை எடுத்து வச்சாரு. நான் காபி கொண்டு வர்றதுக்குள்ள...” மேடு முடிந்திருந்தது.

குழியில் இறக்கும்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். சிவப்புத் துணி கைப்பிடியிலேயே இருந்தது. மெக்கானிக் குனிந்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது, நகம் போகவில்லை. கயிறு பிடித்தவர்களுக்குக் கை அறுத்தது.

“இருக்கட்டும், விடுங்க தம்பி” என்றாள் அண்ணி.

கிரீஸ் துணியோடு அண்ணன் உள்ளே போனார்.

மண் தள்ளி முடிந்ததும், புதைந்த ஊர்தியைக் கயிறு கட்டி இழுக்க மெக்கானிக் குட்டியைக் கீழே கொண்டுவந்தார். இழுத்தும் விட்டார். ஓட்டுநர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, அடுத்த சாவு வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று பறந்தார். மழையில் மேனேஜரும் அவரும் மட்டும் நின்றார்கள். மேனேஜர் குடையைப் பாதி இவர் பக்கம் சாய்த்தார்.

“உங்கண்ணன் மாதிரியே ஏத்துறீங்க சார். ரெண்டாவது கியர்ல, மிதிக்காம.”

“எங்கண்ணனா? அவரு எப்ப ஏத்தினாரு?”

“பத்து வருஷம் இருக்கும். இதே மேடுதான், இதே மாதிரி மழை. நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அப்ப எனக்கு முடி இருந்துச்சு. கீழ என்னை இறக்கி விட்டுட்டு, தனியா ஒரு தடவை ஏறணும்னாரு. மேல போயி ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சாரு. அடடா, அந்தச் சத்தம்! சின்னப்புள்ள மாதிரி.”

மெக்கானிக் குடைக்கு வெளியே இருந்த தன் தோளைப் பார்த்தார்.

“வண்டியில லோடு?”

“லோடு என்ன சார் லோடு? காலி வண்டி. கீழ வந்து, ‘புக் பண்ணிடலாம், தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்’னாரு. மறுநாள் வந்தாரு. ‘ஏறாதாம்’னாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல.”

அந்த நாள் மெக்கானிக்குக்கு மறக்கவில்லை. பட்டறையில் எவனுடைய ஜீப்புக்கோ அடியில் மல்லாந்து கிடந்தார். எவனோ போய்வந்த காட்டின் சேற்றை உளியால் சுரண்டிக்கொண்டிருந்தார், கண்ணில் விழுந்தது. ‘டேய், குட்டியே முடிச்சுடலாமா? நீயும் வா, ரோடே இல்லாத பக்கமா போவோம்’ என்று அண்ணன் குரல் வந்தது. வண்டிக்கு அடியிலிருந்து அண்ணனின் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. சுத்தமான செருப்பு. அந்தச் செருப்பைப் பார்த்துத்தான் சொன்னார்: ‘அது சேத்துல ஏறாதுண்ணே.’

அண்ணனுக்கு நெஞ்சு வலி, அதனால்தான் தடுத்தேன் என்று பின்னாளில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுண்டு. நெஞ்சு வலி வந்தது, நோட்டு வாங்கிய ஆறாவது வருஷம். இது இரண்டாவது வருஷம்.

“எல்லாரும் நடந்து இறங்கிட்டிருக்காங்க சார்” என்றார் மேனேஜர். “நாம கிளம்பலாமா?”

மெக்கானிக் குட்டியில் ஏறினார். கம்பியை இழுத்தார். தொட்டி காலி. ஊர்தி உழுதுபோட்ட பள்ளத்தில், இருப்பதிலேயே மோசமான தடமாகப் பார்த்துச் சக்கரத்தை விட்டார். ஒரு இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி எடுத்தார். ஓரமாக இறங்கி வந்தவர்கள் ஒதுங்கி நின்று, இவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சக்கரமாவது வழுக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

குட்டி மேலே வந்து நின்றான்.

அண்ணி மட்டும் குடையோடு அங்கேயே இருந்தாள். கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

“எதையாவது மறந்துட்டீங்களா தம்பி?”

“இல்ல அண்ணி. சும்மா.”

வண்டியை இறக்கத்தைப் பார்க்கத் திருப்பினார். கீழே, மேட்டடியில், மேனேஜர் குடையைச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக்கின் உள்ளங்கை ஹார்ன் மேல் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அந்தக் கை நகர்ந்து வைப்பரை நிறுத்தியது. மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்து, முதலில் குடையை, பிறகு மேட்டுத் தடத்தை அழித்தது.