உட்கார விளிம்புள்ள தொட்டி

சிங்கராயர் குளியலறையில் விழுந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: விழுந்தவரும், அவரைத் தூக்கி நிறுத்திய மனைவி இன்பமேரியும்.

மகள் மரியாவுக்குத் தெரியக் கூடாது. போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டபோதே அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "இன்னொரு தடவை ஏதாச்சும் ஆச்சுன்னா ஏற்காட்டு ஊட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் சேலம் வந்துரோணும்." சேலத்தில் மரியாவின் வீடு மூன்றாவது மாடி. அங்கே தங்கினால் முதல் நாளே வெக்கையில் சிங்கராயரின் பனியன் நனைந்துவிடும். இரண்டாம் நாள் தூக்கம் போகும். மூன்றாம் நாள் பேச்சு நின்றுவிடும்.

ஆனால் மணையில் உட்கார்ந்து வாளியில் மொண்டு குளிப்பதும் இனி அவருக்கு ஆகாது. மணையிலிருந்து எழும்போதுதான் விழுந்தார். இன்பமேரி யோசித்து மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பாவுக்குத் தொட்டியில படுத்துக் குளிக்கோணும்னு ஆசையாம் கண்ணு."

மரியா சிரித்தாள். "இந்த வயசுலயா? சரி, வாங்க. நானே வாங்கித் தர்றேன்."

இப்படித்தான் மூவரும் சேலத்துக் கடையில் நின்றார்கள். சிங்கராயர் முப்பது வருஷம் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆள் கணக்கெடுப்பதுபோல ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்து வந்தார். நாலு கால் வைத்த, இடுப்பு உயரத் தொட்டி ஒன்றின் முன்னால் நின்றார்.

"இது எடுப்பா இருக்குது."

"எடுப்பாத்தான் இருக்குது. ஏறி இறங்க ஏணி யாரு வெப்பாங்களாம்?" என்றாள் இன்பமேரி.

"ஆசைப்பட்டது நான்தானே? நீ சும்மா இரு."

அவள் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள். அவளும் அதே எஸ்டேட்டில் காபிக்கொட்டை அலசும் தொட்டியில் வேலை செய்தவள்தான். அந்தத் தொட்டிக்குள் யாரும் காலைத் தூக்கி வைத்து இறங்க மாட்டார்கள், வழுக்கிவிடும். முதுகைக் காட்டிச் சுவர்மேல் உட்கார்ந்து, அப்படியே திரும்பி இரண்டு காலையும் உள்ளே விட வேண்டும். கடையில் அவள் ஒவ்வொரு தொட்டியின் விளிம்பையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். எல்லாம் நாலு விரல் அகலம்.

"என்னம்மா தேடறீங்க?" என்றாள் கடைப் பெண் தீபிகா.

"உக்கார்ற மாதிரி விளிம்பு இருக்குதுங்களா?"

தீபிகா மூலைக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்த தொட்டிக்கு ஒரு பக்கம் பலகை அகலத்துக்கு விளிம்பு. உள்ளே ஒரு படி. பக்கத்தில் கைப்பிடி. இன்பமேரி செருப்பைக் கழற்றினாள், சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள், உட்கார்ந்தாள், திரும்பினாள். உள்ளே இருந்தாள்.

தீபிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதுவரைக்கும் யாரும் இறங்கிப் பார்த்ததில்லீங்கம்மா."

"பார்க்காம எப்படிங்க வாங்கறது?"

"ஏ மேரி, வெளிய வா. கொட்டை அலசப் போறியா?" என்றார் சிங்கராயர். ஆனால் அவர் கண் கைப்பிடியிலேயே இருந்தது.

மரியா சிரிக்கவில்லை. "அப்பாவோட ஆசைக்குத்தானே தொட்டி? நீ ஏம்மா உக்கார எடம் தேடறே?"

என்னவாவது சொல்ல வேண்டும். "எனக்கும் ஆகும்னுதான் கண்ணு. முழங்கால் கொஞ்சம் புடிச்சுக்குது."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"விழுந்தியா?"

இல்லை என்று சட்டென்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. விழுந்த சேதியை இத்தனை நாளாக அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

"விழுந்திருக்கே!" மரியா தொட்டி ஓரம் மண்டியிட்டு அம்மாவின் முழங்காலை அழுத்தினாள். "இங்கயா? இங்க வலிக்குதா? அப்பா, நீங்களும் பார்த்துட்டுச் சும்மாவா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

சிங்கராயர் வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்டப் போறோம். அம்மா ஒரு மாசம் எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க வேணும்னா மேல போய் ஊட்டைப் பார்த்துக்குங்க. உங்களுக்கென்ன, நல்லாத்தானே இருக்கீங்க."

ஒரு மாசம். ராத்திரி அவர் எழுந்தால் யார் கை கொடுப்பது? ஆனாலும் அவருக்கு மலை வீடாவது மிஞ்சும். சும்மா இருங்க என்று இன்பமேரி கண்ணாலேயே அவருக்குச் சாடை காட்டினாள்.

மரியா இன்னும் முழங்காலை விடவில்லை. வலிக்காத காலை, வலிக்குமோ என்று பயந்து பயந்து தடவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

சிங்கராயர் மெதுவாக வந்தார். முதுகைத் திருப்பி, இரண்டு கையையும் ஊன்றி, மனைவிக்குப் பக்கத்தில் அந்த விளிம்பில் உட்கார்ந்தார். உட்காரும்போது பல்லைக் கடித்தது மரியாவுக்குத் தெரிந்தது.

"அவ காலை விடு சாமி," என்றார். "அவளுக்கு ஒண்ணுமில்ல. விழுந்தது நான்."