கறுத்துப்போன சதுரம்

காலை எட்டு மணிக்கே நிவாரண முகாமின் தகரக் கொட்டகை அடுப்பாய்க் கொதித்தது. வாசலில் தாய்மார்கள் இடுப்பில் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். பக்கத்து முகாமில் ஒரு குழந்தைக்கு இளம்பிள்ளைவாதம் வந்து கால் விழுந்துவிட்டது. இன்றைக்குச் சொட்டு மருந்து என்று கேள்விப்பட்டதும் அத்தனை பேரும் அடித்துப் பிடித்து வந்திருந்தார்கள்.

உள்ளே நர்ஸ் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். ஐஸ் பொட்டலங்கள் உருகி வெந்நீர்ப் பைகளாகக் கிடந்தன. மருந்துக் குப்பிகளின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. சூடு பட்டால் கறுத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். எல்லாக் குப்பிகளிலும் சதுரம் கறுத்திருந்தது.

நடந்தது இதுதான். மூன்று நாளைக்கு முன், நிவாரண அமைப்புக்கு நிதி கொடுக்கும் பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று முகாம் பொறுப்பாளர் பரபரத்தார். அவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமாம். முகாமில் இருந்ததோ மருந்துக்கான ஒரே ஒரு ஃபிரிட்ஜ். "ரெண்டு மணி நேரம்தான் சிஸ்டர், மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாத்துங்க" என்றார். பெரிய மனிதர்கள் அன்று வரவில்லை. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போனது. தண்ணீர் பாட்டில்கள் மட்டும் சுகமாகக் குளிர்ந்துகொண்டிருந்தன.

நர்ஸ் அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே இரண்டு வேலைகளை வாயாலேயே தொலைத்தவள் அவள். புறப்படும்போது புருஷன் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, இந்தத் தடவையாவது வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கோ. இந்த வேலையும் போச்சுன்னா நம்ம வீட்டுல அடுப்பு எரியாது" என்றிருந்தான். அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாள் பொறுப்பாளரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதனால் வாய் திறக்காமல் மாற்றினாள். ஐஸை மாற்றப் போனவளைப் பேனர் கட்டவும் நாற்காலி துடைக்கவும் அனுப்பினார்கள். நர்ஸுக்குப் படித்துவிட்டு நாற்காலிக்குத் தூசி தட்டியவள், ஐஸை மறந்தே போனாள்.

"சார், மருந்து போச்சு. சதுரம் கறுத்துருச்சு."

"மெதுவா பேசுங்க" என்றார் பொறுப்பாளர். "சொட்டு மருந்துதானே? குடிச்சா ஒண்ணும் ஆகாது."

"அதான் சார் நானும் சொல்றேன். ஒண்ணுமே ஆகாது. நோயும் நிக்காது."

"வேற மருந்து அடுத்த வாரம் வரும், பார்த்துக்கலாம். வெளியே பெரிய மனுஷங்க கேமராவோட வந்து உட்கார்ந்திருக்காங்க. உங்க தாள் என் மேசையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

அவள் கட்டைவிரலால் சதுரத்தை மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முதல் குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டாள். கேமரா பளிச்சிட்டது. குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்தாள். மை வைத்தால் மருந்து கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அடுத்த வாரம் நல்ல மருந்து வந்தாலும் அந்த விரலைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், பொறுப்பாளருக்கும் தெரியும்.

குழந்தையின் தாய்க்கு முகமெல்லாம் பல். "நல்லா இருப்பீங்க சிஸ்டர்! நாலு நாளா இவனைக் கூடாரத்துக்குள்ளேயே அடைச்சு வெச்சிருக்கேன். இனிமே வாய்க்கால்ல விளையாட விடலாம்ல?"

அந்த வாய்க்காலில் ஓடிய சாக்கடைத் தண்ணீரில்தான் நோயே இருந்தது. ஐயோ, நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நர்ஸ் பதறினாள்.

"விடாதீங்கம்மா!" என்று கத்தினாள். "யாரும் இந்த மருந்தை வாங்காதீங்க. இது கெட்டுப்போச்சு. மருந்து இருக்க வேண்டிய இடத்துல விருந்தாளிங்களுக்குத் தண்ணி வெச்சோம். கெட்டதுன்னு தெரிஞ்சேதான் உங்க புள்ளைக்குக் கொடுத்தேன்."

வரிசை கொந்தளித்தது. பெரிய மனிதர்களில் ஒருவர் கையிலிருந்த பாட்டிலை மெல்லக் கீழே வைத்தார். பொறுப்பாளர் பல்லைக் கடித்தார். "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

"வரலை சார். ஆனா கையேந்தி நிக்கிறவங்கதானே, எதைக் கொடுத்தாலும் வாங்கிப்பாங்கன்னு நினைச்சா, அதுக்குப் பேரு உதவி இல்ல, ஏமாத்து வேலை."

அந்தத் தாய் எச்சில் தொட்டுக் குழந்தையின் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மை போகவில்லை. நர்ஸ் அவள் அருகே போய், பதிவேட்டில் குழந்தையின் பெயரை அடித்து, 'மருந்து கொடுக்கவில்லை' என்று எழுதிக் காட்டினாள். "என்னை மன்னிச்சிடும்மா. உண்மையைச் சொல்லிட்டேன்."

தாய் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"இதை மூணு நாளைக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும் சிஸ்டர். உங்க வேலைக்குப் பயந்து நீங்க வாயை மூடினா, போறது எங்க புள்ளைங்க காலு."