முக்கால் மைலில் அடித்த மணி

1904-ஆம் வருஷக் கடைசியில் அந்தச் செய்தி கப்பலேறி எங்கள் கோலார் தங்க வயலுக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் ஒருவர் மோட்டார் காரில் மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தாண்டிவிட்டாராம். இந்தப் பந்தயத்தில் முன்பு பேட்டரி வண்டி ஜெயித்ததாம், பிறகு நீராவி வண்டி, இப்போது பெட்ரோல் வண்டி. நான் சுரங்கத்து டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஊரில் பேப்பர் படிக்கத் தெரிந்த சிலரில் ஒருவன் என்பதால் வாசலில் நின்று உரக்கப் படித்தேன். தாதுக்கல் பொறுக்கும் மங்கம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"அவ்ளோ அவசரமா எங்க போனாராம்?"

"எங்கேயும் இல்லை. ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோடு வரைக்கும்."

"அப்பால?"

"திரும்பி வந்துட்டார்."

"இதப் போயா பேப்பர்ல போட்டான்? எங்க வூட்டுக்காரரு தெனம் ரெண்டாயிரம் அடி கீழ போய்ட்டுத் திரும்பி வர்றாரு. அவரப் போடச் சொல்லு, தசரதய்யா."

பேப்பரை மடித்து வைத்தேன். மங்கம்மாவிடம் பேசி ஜெயித்ததாக எனக்கு நினைவே இல்லை.

இதே செய்தியைப் படித்து எங்கள் என்ஜினியர் பென்ரோஸ் துரைக்குத் தூக்கம் போய்விட்டது. அவரிடம் ஒரு கார் இருந்தது. பின்சக்கரங்களைச் சைக்கிள் மாதிரி செயின் இழுக்கும். சத்தம் மட்டும் மாவு மிஷின். பெங்களூரில் ஒரு காப்பித் தோட்டத் துரை ஒரு மைலை எழுபத்தெட்டு விநாடியில் ஓட்டியிருந்தார். நூறு மைல் வேகத்துக்கு ஆசைப்பட முடியாது, காப்பித் தோட்டத்தையாவது ஜெயிக்கலாம் என்பது நம் துரையின் கணக்கு. பௌரிங்பேட்டை சாலையில் (இன்று பங்காரப்பேட்டை என்கிறார்கள்) நேரான ஒரு மைலை அளந்து கல் நட்டார். அதற்கடுத்த நாள் காரைக் கிளப்ப முன்னால் சுழற்றும் கைப்பிடி திருப்பி அடித்து, அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது.

அதனால் ஏசுபாதத்தைக் கூப்பிட்டார்.

ஏசுபாதம் ஷாஃப்ட் என்னும் சுரங்கக் கிணற்றின் மேலே, கயிறு சுற்றும் வைண்டிங் என்ஜின் ஓட்டுகிறவர். அவர் லீவரைத் தள்ளினால் ஆழத்தில் தொட்டி இறங்கும், இழுத்தால் ஏறும். ஆறு வருஷமாக அவருக்குக் கொடுத்தது கல் ஏற்றும் என்ஜின்தான். ஆள் இறங்கும் இரும்புக் கூண்டை, அதாவது கேஜை, ஓட்டுவது வேறு மரியாதை. அந்த டிரைவர் தெருவில் போனால் ஷிப்டே எழுந்து நிற்கும்; முப்பது உயிர் தொங்கும் கயிறு அவர் கையில் அல்லவா? அந்த இடம் அப்போது காலியாக இருந்தது. ஏசுபாதம் இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் "பார்க்கலாம்" என்ற பதிலோடு வீடு திரும்பியிருந்தார்.

துரை சொன்னார்: எழுபத்தெட்டு விநாடிக்குள் அந்த மைலை ஓட்டு. ஆள் கேஜ் உனக்கு.

வேகமாக ஓட்டுகிறவனிடம் மனிதர்களை ஒப்படைப்பது என்ன நியாயம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் மனதுக்குள் மட்டும் மகா தைரியசாலி.

இரண்டு வாரத்தில் ஏசுபாதம் காரைப் பழக்கிவிட்டார். அவர் மனைவி லூயிசா என்னிடம் சொன்னாள்: "தூக்கத்துலகூட கால உதைக்கிறாருண்ணா. இந்த தபா கெடைக்கலன்னா இனிமே கேக்கவே மாட்டாரு. எனக்கு அவரத் தெரியும்."

சனிக்கிழமை மூன்று மணிக்கு முதல் ஷிப்டு விட்டதும் ஜனங்கள் சாலையோரம் கூடிவிட்டார்கள். மங்கம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஏசுபாதம் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். முதல் கல்லில் வண்டி கிளம்பியதும் வேட்டுப் போட ஏற்பாடு. கடைசிக் கல்லருகே சிவப்புக் கொடி நட்டு, துரை ஒரு கையில் கட்டும் மறு கையில் கடிகாரமுமாக நின்றார். நடுவே ஒரு மேடு மறைப்பதால், வண்டி முக்கால் மைலுக்கு வரும்போது மணி அடித்து அவரை உஷார்ப்படுத்த வேண்டும். அந்தப் பெரிய பொறுப்பு எனக்கு. பழைய ஷாஃப்ட் மணி ஒன்றைப் புளியமரக் கிளையில் கட்டித் தந்திருந்தார்கள்.

மணி அடி என்றார்களே தவிர, எத்தனை அடி என்று யாரும் சொல்லவில்லை.

செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு வண்டி வந்தது. அப்படி ஒரு வேகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்தேன்: வேட்டுச் சத்தம் கேட்டு ஐம்பத்தைந்து விநாடிகூட ஆகவில்லை. ஜெயித்தாயிற்று! ஆனந்தத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

ஒரே ஒரு அடி.

சுரங்கத்தில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். கேஜ் ஓடும்போது ஒற்றை மணி கேட்டால் நிறுத்து. ஏன் என்று கேட்காதே. கீழே எவன் கால் மாட்டியிருக்கிறதோ. பதினோரு வருஷம் அந்த ஷாஃப்டின் நிழலில் பேரேடு எழுதிய எனக்கு மட்டும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

கார் அலறியது. சக்கரங்கள் இறுகி, வண்டி ஒரு முறைகூடக் கோணாமல் நேராக வழுக்கி நின்றது. செயின் அறுந்து பாம்பு போல் சாலையில் விழுந்தது. கடைசிக் கல் இன்னும் முந்நூறு கஜம் தள்ளி இருந்தது.

துரை ஓடி வந்தார். முகம் அவர் நட்ட சிவப்புக் கொடியின் நிறத்தில் இருந்தது. ஏன் நிறுத்தினாய் என்று கத்தினார்.

"மணி ஒண்ணு அடிச்சாங்க, துரை," என்றார் ஏசுபாதம். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "இது சுரங்கம் இல்லன்னு நின்னப்புறந்தான் நெனப்பு வந்துது." அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை.

மங்கம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "தசரதய்யா, உன் துரைகிட்ட இங்கிலீசுல சொல்லு. மைலு போனா போவட்டும். இம்மா வேகத்துல வந்தும் ஒத்த மணிக்கு நிக்குது பாரு, அந்தக் கையிலதான் எங்க வூட்டுக்காரரு கயிறு இருக்கணும்."

பின்னால் முப்பது நாற்பது குரல்கள்: "ஆமா துரை! ஆமா!"

நான் மொழிபெயர்த்தேன். அவள் சொல்லாத ஒன்றையும் கடைசியில் சேர்த்தேன்: தப்பாக அடித்தது நான், துரை, இவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

துரை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மணி கட்டிய மரத்துக்குப் போய், அங்கிருந்து கார் வரை தப்படி வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். நூற்றுப் பதினொன்று. குனிந்து டயர் கோடுகளைப் பார்த்தார். கோபம் போனதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என்ஜினியர். கோட்டைப் படிக்கத் தெரிந்தவர்.

"திங்கட்கிழமை, முதல் ஷிப்டு," என்றார் ஏசுபாதத்திடம். "ஆள் கேஜ்."

ஏசுபாதம் தலையசைத்தார். அப்புறம்தான் கை ஸ்டியரிங்கை விட்டது. கூட்டத்தில் நின்ற லூயிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செயின் இல்லாத காரை ஒரு மைல் தூரத்திலிருந்த துரை பங்களா வரை தள்ள வேண்டியிருந்தது. நாற்பது பேர் கை வைத்தார்கள். மங்கம்மா தன் கூடையைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டு, ராணி மாதிரி பக்கத்தில் நடந்தாள். அந்த ஒரு மைலுக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம் பிடித்தது. கூடவே நடந்து, கடிகாரத்தில் நேரம் பார்த்தவன் நான்தான்.