லிட்டர் டப்பா

எனக்கு ஒரு சந்தேகம் வந்துட்டா சோறு இறங்காது, தூக்கம் வராது. அது யார் மேலன்னு தெரிஞ்சா மட்டும் கொஞ்சம் நிம்மதி. இந்தத் தடவை என் ஓரகத்தி மேல.

தொழிற்சாலை கேன்டீன்ல நான்தான் தலைமைச் சமையல். முன்னாடி இருந்தவர் கண்ணளவுலேயே அரிசி போட்டுக்கிட்டிருந்தார். ரெண்டு மாசம் முன்னாடி அவர் நின்னதும் சூப்பர்வைசர் சுவத்துல ஒரு காகிதம் ஒட்டிட்டார்: நூத்தம்பது பேருக்கு இருபது கிலோ. எங்ககிட்ட தராசு ஏது? ஒரு லிட்டர் டப்பா இருந்தது. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, அப்போ அரிசியும் அப்படித்தானே! இருபது டப்பா அளந்து கொடுத்தேன். அதைக் கழுவி உலையில போடுறது ஓரகத்தி. நான்தான் பாவம்னு அதே வாரம் வேலைக்குச் சேர்த்து விட்டேன். என் கொழுந்தன் கால் ஒடிஞ்சு படுத்துக் கிடக்கான், அவ சம்பளத்துலதான் அந்த வீட்டு அடுப்பு எரியுது.

அவ வந்த நாள்லேருந்து சோறு பத்தல. கடைசி இருபத்தஞ்சு பேர் தட்டை ஏந்திக்கிட்டு என்னை முறைக்கிறாங்க. இருபது கிலோ கொடுத்தேன், பாதி வழியில எங்க போச்சு? கழுவுற இடம் பின்கட்டு. அங்க அவ மட்டும்தான். போதாதா?

சாயங்காலம் கிளம்பும்போது அவ பையைக் கொட்டச் சொன்னேன். ஒரு சீப்பு, ஒரு மாத்திரை அட்டை, ஈரத்துண்டு.

"என்னக்கா இது?"

"சும்மா பார்த்தேன்டி. மடியில கனமில்லன்னா உனக்கென்ன பயம்?"

அப்புறம் தினமும் கொட்ட வச்சேன். ஒரு பருக்கை கிடைக்கல. கெட்டிக்காரி, எங்கேயோ ஒளிச்சு வைக்கிறான்னு என் வயிறு இன்னும் எரிஞ்சது.

ஆனா என் கைராசியைச் சொல்லணும். இருபத்தஞ்சு கிலோ மூட்டையில இருபத்தஞ்சு டப்பா அளந்த பிறகும், அடியில அஞ்சு டப்பா மிச்சம் கிடக்கும். மூட்டை கட்டுறவன் தாராளம் போல. கணக்குல இல்லாத அரிசி, அதை நான் வீட்டுக்கு எடுத்துப் போனா யாருக்கு நஷ்டம்?

சூப்பர்வைசர் கறாராச் சொல்லிட்டார். "நாளைக்கும் பத்தலன்னா உங்க ஓரகத்தியை அனுப்பிடுவேன்." அவ என்னைப் பார்த்தா. நான் வேற பக்கம் பார்த்தேன்.

கையும் களவுமாப் பிடிக்கணும்னு மறுநாள் ஒரு வேலை செஞ்சேன். காய்கறிக்காரர் தராசை உள்ளே கொண்டு வரச் சொல்லி, சூப்பர்வைசரை நிக்க வச்சு, இருபது டப்பா அரிசியை அவ கைக்குப் போகும் முன்னாடியே ஏத்தினேன்.

பதினாறரை கிலோ.

"தராசு பொய் சொல்லுது!" நான் கத்தினேன்.

காய்கறிக்காரருக்கு ரோஷம் வந்துடுச்சு. பிரிக்காத மூட்டையைத் தூக்கி வச்சார். சரியா இருபத்தஞ்சு. டப்பாவுல தண்ணி பிடிச்சு ஏத்தினார். டப்பா எடை போக ஒரு கிலோ. அதே டப்பாவுல அரிசி முக்கால் கிலோவைத் தாண்டிக் கொஞ்சம், அவ்வளவுதான். "அரிசிக்கு நடுவுல சந்து இருக்கும்ல அக்கா, தண்ணி மாதிரி நெருக்கமாவா நிக்கும்?"

சோத்தை யாரும் திருடல. நான்தான் குறைச்சு அளந்திருக்கேன்.

சூப்பர்வைசர் விரல் விட்டு எண்ணினார். "அப்போ மூட்டைக்கு நாலு கிலோ மிச்சம் விழணுமே. ரெண்டு மாச மிச்சம் எங்கம்மா?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்னேன். ஆணியில என் பை தொங்குது. காலையில முடிஞ்ச மூட்டையோட அஞ்சு டப்பா அதுக்குள்ள.

ஓரகத்தி அந்தப் பையைப் பார்த்தா. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. சொல்லிடுவான்னு நினைச்சேன். அவ ஈரக்கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு, இன்னைக்கும் நான் கொட்டச் சொல்வேன்னு நினைச்சுத் தன் பையை எடுக்கப் போனா.

"நீ இருடி"ன்னேன். என் பையை எடுத்து மேடையில நானே கொட்டினேன்.