பைப் உரிக்கிறவரின் செல்போன்

கொழுந்தன் இறந்தவரின் கட்டைவிரலை மறுபடியும் துடைத்து, செல்போனில் வைத்து அழுத்தினான். போன் அதிர்ந்து மறுத்தது. இறந்தவரின் மனைவி சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது அவளுக்கு.

மகளின் எண் அந்தப் போனில் மட்டும்தான் இருந்தது. பிடித்தவனோடு போய்விட்டவளிடம் தாய் பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகிறது. அப்பன் மட்டும் விடியுமுன் மாடிக்குப் போய் ரகசியமாகப் பேசுவார். தெருவுக்கே கேட்கும் ரகசியம். சாயங்காலம் உடலை எடுத்துவிடுவார்கள். அதற்குள் மகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

"நல்லா அமுக்குங்க தம்பி," என்றாள் எதிர் வீட்டுக்காரி. எந்த இழவு வீட்டிலும் அவளுக்கு முன்வரிசை நாற்காலி உண்டு.

"எவ்வளவு அமுக்குனாலும் திறக்காதும்மா," என்றார் பட்டறையில் கூட வேலை பார்த்த வெல்டர். "அண்ணன் வேலை, இரும்பு பைப்ப சூடு பண்ணி, மேல இருக்கிற பிளாஸ்டிக்க கீறி உரிக்கிறது. வெரல் தடிமன் இருக்கும். அண்ணன் கிளவுஸ் போட மாட்டாரு. போட்டா, அது எப்ப இரும்ப விடுதுன்னு கைக்குத் தெரியாதும்பாரு. ரேகையெல்லாம் எப்பவோ தேஞ்சு போச்சு."

"அப்ப தெனம் எப்படித் திறந்தாரு?" என்றான் கொழுந்தன்.

"நம்பர் போட கண்ணாடி தேடணுமேன்னு, வேற யாரு வெரலையோ பதிஞ்சு வச்சிருந்தாரு. யாருதுன்னு கேட்டா சிரிப்பாரு."

எதிர் வீட்டுக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெருவிலுள்ள பெண்களெல்லாம் அவள் மனதில் வரிசையாக நடந்து போனார்கள்.

மனைவி தன் கையைப் பார்த்தாள். விடியற்காலைத் தூக்கத்தில் அவளுக்கு ஒரு கனவு வரும். சூடான பிளாஸ்டிக் வாடை. வழவழப்பான கையொன்று அவள் ஆள்காட்டி விரலை மெல்லப் பிரித்து, நீட்டி, குளிர்ந்த எதன்மேலோ வைக்கும். பிறகும் உடனே விடாது. கண்ணைத் திறந்தால் கலைந்துவிடுமென்று அவள் திறந்ததே இல்லை. இந்த வயதில் இப்படியொரு கனவா என்று யாரிடமும் சொன்னதும் இல்லை.

"இங்க குடுங்க."

அவள் ஆள்காட்டி விரல் பட்டதும் திரை வெளிச்சமானது. எதிர் வீட்டுக்காரியின் முகம் தொங்கிப்போனது.

கொழுந்தன் மகளின் எண்ணைத் தேடி எடுத்தான். "நான் பேசட்டுமா அண்ணி?"

அவள் தலையாட்டி மறுத்து, போனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் கிசுகிசுப்பாக ஒரு குரல்: "என்னப்பா இந்நேரத்துல? அம்மா முழிச்சிருக்குமே."

"முழிச்சுட்டேன்டி," என்றாள்.

அவளுடைய இன்னொரு கை, இறந்தவரின் விரலொன்றை மெல்லப் பிரித்து, நீட்டிப் பிடித்திருந்தது.